பிரித்தவன் பேசக் கூடாது

கர்ணன் அடிச்ச அடியிலதான் செல்வமணிக்கு இடது காது போச்சு. சைக்கிள் செயினைக் கையில சுத்திக்கிட்டு ஒரே வீச்சு. காரணத்தைக் கேட்டா சிரிப்பீக. பந்தியில அண்ணனுக்கு முதல்ல கறி வச்சுட்டாகளாம். அப்பக் கர்ணனுக்கு வயசு இருபது, செல்வமணிக்கு இருபத்தஞ்சு. கம்பத்துல ஏலக்கா வியாபாரம் பண்ணின சுயம்புலிங்கத்துக்குப் பிள்ளைகன்னு இருந்தது இந்த ரெண்டுதான். மூத்தது வாயில்லாப்பூச்சி, இளையது வெறிநாய். பெத்த மனுசனே ஊரெல்லாம் இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. வெறிநாய்னு சொல்லும்போது மட்டும் மீசையை ஒரு தடவு தடவிக்கிடுவாரு. பெருமையாம். நல்லா இருக்கு போங்க, பெருமை.

அந்தச் சுயம்புலிங்கம் எழுபத்துநாலாம் வருசம் ஆவணியில செத்துப் போனாரு. வீடு, சரக்குக் கிட்டங்கி, மலைத்தோட்டம் எல்லாத்தையும் இன்னாருக்கு இன்னதுன்னு எழுதி வச்சுட்டுத்தான் கண்ணை மூடினாரு. எழுதாம விட்டது ரெண்டே ரெண்டு. பச்சை வண்டியும் சிவப்பு வண்டியும்.

ரெண்டும் ஒரே கம்பெனியில செஞ்ச ரேஸ் காரு. துணிக்கூரை, ரெண்டே சீட்டு. பச்சை மூத்தது. சுதந்திரம் வந்த சமயத்துல செஞ்ச வண்டி. மட்கார்டு தனியா வளைஞ்சு நிக்கும், முன் விளக்கு ரெண்டும் முழிச்சுக்கிட்டு இருக்கும், ஸ்டெப்னியை முதுகுல சுமந்திருக்கும். சக்கரம் ஒசரம், கம்பி போட்டது. பதினாறு வருசமா சுயம்புலிங்கம் அதுலதான் மலை ஏறி இறங்கினாரு. சிவப்பு அதே கம்பெனி இருபத்து சொச்சம் வருசம் கழிச்சுச் செஞ்சது. நீட்டு மூக்கு, தரையோட ஒட்டின உடம்பு, கையால சுத்தினா ஏறி இறங்குற கண்ணாடி. வண்டன்மேட்டுப் பக்கத்துல எஸ்டேட் பாத்துக்கிட்டிருந்த ஒரு தொரை, ஆடி மாசம் சீமைக்குக் கப்பலேறும்போது சுயம்புலிங்கத்துக்கிட்ட வித்துட்டுப் போனது. அதைக் கம்பத்துக்கு இறக்கிக் கொண்டு வர்றதுக்கு முன்னாடியே மனுசனுக்கு மாரடைச்சுப் போச்சு. வண்டி மலைத்தோட்டத்து ஷெட்டுலயே நின்னுச்சு.

பழசா புதுசான்னு கம்பம் பஜாரே ரெண்டாப் பிரிஞ்சு பேசுச்சு. பழசுல எல்லா நட்டையும் கண்ணால பாக்கலாம், கையால திருகலாம், ஸ்பேர் இல்லேன்னா பட்டறையில அடிச்சுக்கிடலாம்னு ஒரு கட்சி. புதுசுல பிரேக்கு தொட்டா நிக்கும், மிதிச்சா பறக்கும், பழசை எவன் கட்டி மாரடிப்பான்னு இன்னொரு கட்சி. பழசுதான் ராசியான வண்டின்னு கர்ணன் காது கேக்கச் சொல்லிட்ட ஒரு டீக்கடைக்காரருக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. அதுக்கப்புறம் பழைய கட்சியில ஆளு கம்மி.

கடைசியில நத்தர்ஷா ராவுத்தர்தான் நடுவுல வந்தாக. சுயம்புலிங்கத்துக்கு முப்பது வருசக் கூட்டாளி. பிள்ளைக ரெண்டும் மாமான்னுதான் கூப்பிடும்.

"உங்க குடும்பத்து முறைப்படியே செஞ்சிருவோம் மாப்ளே. மூத்தவன் பங்கு வைக்கட்டும், இளையவன் எடுக்கட்டும்"னாக.

மூத்தவன் வைக்க இளையவன் எடுக்குறது எங்கனயும் உள்ள முறைதான். சுயம்புலிங்கம் குடும்பத்துல அதுக்கு மேல ஒண்ணு உண்டு. பங்கு வச்சவன் வாயைத் தொறக்கக் கூடாது. எடுத்தவன் தன் பங்கைத் தன் வாசல்ல கொண்டு போய்ச் சேக்குற வரைக்கும், அதைப் பத்தி நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது. சொன்னா அவன் பங்கும் எடுத்தவனுக்கே சேந்து போச்சு. முன்னாடி எவனோ ஒரு மூத்தவன், நல்ல காளைக்குச் சுழி சரியில்லைன்னு புளுகி இளையவனை ஏமாத்தியிருக்கான். அதுலருந்து வந்த கட்டுப்பாடு.

இதுல ஒரு விசயம் செல்வமணிக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லுறதுக்கு முன்னாடி சுயம்புலிங்கத்தோட கஞ்சத்தனத்தைச் சொல்லணும்.

கம்பமெட்டு உச்சியில செக்போஸ்ட் தாண்டினதும் சுயம்புலிங்கம் கையை நீட்டுவாரு. வண்டி ஓட்டுறவன் இஞ்சினை ஆஃப் பண்ணி, சாவியை உருவி, அவரு கையில குடுக்கணும். அங்கருந்து அடிவாரம் வரைக்கும் பதினெட்டு வளைவும் நியூட்ரல்லதான் இறங்கணும், ஒரு சொட்டு பெட்ரோல் எரியக் கூடாது. சாவி அவரு மடியில இருக்கும். ஜீப்போ லாரியோ பச்சை வண்டியோ, எதுக்கும் இதுதான் சட்டம். டிரைவருக கைக்கு அது பழகி, அவரு கூட வராதப்பவும் உச்சி வந்தா தானாச் சாவியை உருவும். மகன்களுக்கும் அப்படித்தான்.

ஆடி மாசம் தொரை வண்டியை ஒப்படைக்கும்போது செல்வமணிதான் கூட இருந்தான். தொரை சாவியை உருவிக் காட்டிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினாரு. டக்குன்னு ஒரு சத்தம். அதுக்கு மேல அசையல. திருடன் ஓட்டிட்டுப் போகாம இருக்க இந்தப் புது மாடல்ல வச்சிருக்கிற பூட்டாம். சாவி உள்ள இருந்தாத்தான் ஸ்டியரிங் திரும்பும். பழைய மாடல்ல அந்தச் சங்கதியே கிடையாது.

புரியுதுல்ல? சிவப்பு வண்டியை எடுத்துக்கிட்டு எவன் கம்பமெட்டுல சாவியை உருவுறானோ, அவன் முதல் வளைவுலயே பள்ளத்தாக்குலதான்.

முப்பதாம் நாள் படையல் முடிஞ்ச மறுநாள் காலையில எல்லாரும் மலைத்தோட்டத்துக்குப் போனாக. பச்சையில செல்வமணி. நத்தர்ஷாவோட ஜீப்புல அவுகளும், மெக்கானிக் தங்கபாண்டியும், கர்ணனும், கர்ணன் பொண்டாட்டி சொர்ணலதாவும். கேட்டைத் தொறக்கக் காவக்காரன் வீரணன் ரெண்டு நிமிசம் தாமதிச்சுட்டான். கர்ணன் ஜீப்புலருந்து குதிச்சு அவன் தலைமயிரைப் புடிச்சு அந்தக் கேட்டுக் கம்பியிலயே ரெண்டு மோது மோதிட்டுத்தான் உள்ள வந்தான். அறுபது வயசு மனுசன். நெத்தி பொளந்து ரத்தம் ஒழுக அந்தாளு கேட்டைப் புடிச்சுக்கிட்டே நின்னாரு, ஜீப்பு உள்ள போகணுமே.

செல்வமணி பங்கு வச்சான். பச்சை வண்டியோட கம்பத்துல இருக்கிற கார் ஷெட்டையும் சேத்து ஒரு பங்கு. சிவப்பு ஒத்தையா ஒரு பங்கு. பாக்குறதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா ஷெட்டைக் காட்டி மயக்கினாலும் கர்ணன் புதுசைத்தான் எடுப்பான்னு செல்வமணிக்கு நல்லாத் தெரியும். பழசை அண்ணனுக்கு விட்டுட்டுப் புதுசுல பஜாரைச் சுத்தலேன்னா அவனுக்குச் சோறு இறங்காது. அப்ப இது நியாயமா, தூண்டிலா? முந்தின ராத்திரி பூரா அதைத்தான் கேட்டுக்கிட்டுக் கிடந்தான் செல்வமணி. விடியும்போது ஒரு பதிலைப் புடிச்சுக்கிட்டான். 'முறை அப்படி. பிரிச்சவன் பேசக் கூடாது. நான் என்ன செய்ய?'

கர்ணன் முதல்ல பச்சையில ஏறி ஏலக்கா உலத்துற ஸ்டோரைச் சுத்தி ஒரு வட்டம் அடிச்சான். ஸ்டியரிங் கனம், கியர் போட முக்கணும். இறங்கிக் கதவை ஒரு உதை விட்டான். "கெழட்டு முண்டம். பாடை தூக்கத்தான் ஆகும்."

அடுத்துச் சிவப்பு. யம்மாடி, அது கிளம்பின வேகம்! களத்துல ஏலக்கா அள்ளிக்கிட்டிருந்த பொம்பளைக கூடையைப் போட்டுட்டுச் செதறி ஓடினாக. ஓரத்துல படுத்திருந்த நாய் எந்திரிக்கிறதுக்குள்ள சக்கரம் ஏறிருச்சு. அது போட்ட கத்தலைக் கேட்டும் கர்ணன் நிறுத்தல, இன்னும் ரெண்டு வட்டம் அடிச்சான். அப்புறம் பிரேக்கைத் தொட்டான். இருந்த இடத்துல நின்னுச்சு வண்டி. இஞ்சினை அணைச்சுட்டுச் சாவியை அதுலயே விட்டுட்டு இறங்கினான். செல்வமணி அந்தச் சாவியையே பாத்தான். அதுல ஒரு தோல் பட்டை தொங்கி ஆடிக்கிட்டிருந்துச்சு.

"எதை எடுக்குற மாப்ளே?"ன்னு நத்தர்ஷா கேட்டாக.

கர்ணன் சிவப்பு பானெட்டுல உள்ளங்கையை ஓங்கி அறைஞ்சான். "இதான். கெழட்டை இந்தச் செவிடன் வச்சுக்கட்டும்."

முடிஞ்சு போச்சு. செல்வமணிக்குப் பயந்தான். ஆனா பயம்னு மட்டும் சொன்னா அது பொய். உள்ளுக்குள்ள ஒரு குளுமை பரவுச்சு. இன்னும் ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் இந்த வீட்டுல எவனும் எவளையும் அடிக்க மாட்டான். நான் ஒரு விரலைக் கூட அசைக்கல, சாமி. பேசாம இருந்தேன், அவ்வளவுதான். அப்படித்தான் நெனச்சான். இதைக் கூச்சமில்லாம நெனச்சான்.

சொர்ணலதா சிவப்பு வண்டிக்குக் குங்குமம் வச்சா. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சா. சின்னமனூர்ப் பொண்ணு, கட்டிக்கிட்டு வந்து ஆறு வருசம். போன பொங்கலுக்குக் கர்ணன் முறுக்கினதுல வலது மணிக்கட்டு இன்னும் நேராகல, இடது கையாலதான் குங்குமம் வச்சா. வீட்டுல எல்லாரும் செல்வமணிகிட்டச் செவிட்டுப் பக்கம் நின்னு கத்துவாக. அவ ஒருத்திதான் வலது பக்கமா வந்து நின்னு மெதுவாப் பேசுவா. "அத்தான், சோறு வச்சிருக்கேன்"னு சொல்லுறதுக்குக் கூடச் சுத்தி வந்து சொல்லுவா. பொண்டாட்டியைப் பிரசவத்துல பறிகொடுத்த மனுசனுக்கு அது பெரிய காரியமா இருந்துச்சு. ஆசைன்னு சொல்லிராதீக. சொன்னாலும் தப்பில்ல, யாரு கண்டா.

அவ திரும்பிப் போக ஜீப்புலதான்னு பேச்சு. அதை நம்பித்தான் செல்வமணி குளுந்து போய் நின்னான். ஆனா கர்ணன் சிவப்பு வண்டியில உக்காந்துக்கிட்டு அடுத்த கதவைத் தொறந்து விட்டான்.

"ஏறுடி."

"நான் மாமா கூட ஜீப்புல வாறேனே."

அவ்வளவுதான் சொன்னா. கர்ணன் சீட்டுல இருந்தபடியே எட்டி அவ கொண்டையைப் புடிச்சு உள்ள இழுத்துப் போட்டான். அவ முழங்கால் கதவு விளிம்புல இடிச்ச சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு.

"புது வண்டியில பொண்டாட்டி இல்லாம போனா ஊரு சிரிக்கும். உச்சியில சாவியை உருவி உன் கையில தாறேன். எங்கப்பன் வச்சிருந்த மாதிரி மடியில வச்சுக்க. இனி நீதான்டி முதலாளி!"ன்னு சிரிச்சான்.

செல்வமணி கத்திட்டான்.

"ஏலே! சாவியை உருவாதலே!"

எல்லாரும் திரும்பினாக. காது போனதுலருந்து அவன் அம்புட்டுச் சத்தமாப் பேசி யாரும் கேட்டதில்ல. ஓடி வந்து கர்ணன் பக்கத்துக் கதவைப் புடிச்சான். "உருவினா ஸ்டியரிங் பூட்டிக்கும்டா. இது புது மாடலு. தொரை எனக்குக் காட்டினாரு. வளைவுல திரும்பாது, பள்ளத்துல போயிரும். இந்தா பாரு, காட்டுறேன்..." சொல்லிக்கிட்டே சாவிக்குக் கையை நீட்டினான்.

கை நீட்டினதுதான் தப்பாப் போச்சு. வண்டியைப் புடுங்க வாறான்னுதானே அவனுக்குத் தோணும்? கர்ணன் கதவை உதைச்சுத் தொறந்தான். கதவு விளிம்பு செல்வமணி நெஞ்சுல பட்டு மல்லாந்து விழுந்தான்.

"மாமா, பாத்துக்கங்க! பிரிச்சவன் வாயைத் தொறந்துட்டான். முறைப்படி பழசும் எனக்கு!" கர்ணன் இறங்கி வந்து விலாவுல மிதிச்சான். "புதுசு மேல ஆசை உனக்கு. நேத்தே சொல்லியிருக்க வேண்டியதுதானடா? எடுத்தப்புறம் கதை விடுறியா?" குப்புறத் தள்ளி, பிடரியைப் புடிச்சு மூஞ்சியைச் சரளையில வச்சுத் தேச்சான். தங்கபாண்டி குறுக்க வந்தான். அவனுக்கு முழங்கையால ஒரு இடி, மூக்குலருந்து பொலபொலன்னு ரத்தம்.

"மாப்ளே, நில்லு. அவன் சொல்றதை ஒருக்கா உருவித்தான் பாரேன். என்ன கொறஞ்சு போச்சு?"ன்னாக நத்தர்ஷா.

"என் வண்டியை இவன் சொல்லி நான் சோதிக்கணுமா? உச்சியில போய் உருவிக் காட்டுறேன். இவன் சொன்னதுக்காகவே உருவுறேன்."

சிவப்பு வண்டி புழுதி கிளப்பிக்கிட்டுக் கேட்டைத் தாண்டிருச்சு. சொர்ணலதா திரும்பிப் பாத்தா. அவ வாய் என்னமோ சொன்னது, இஞ்சின் இரைச்சல்ல யாருக்கும் கேக்கல.

தோட்டத்துலருந்து கம்பமெட்டு உச்சிக்கு ரோட்டு வழியா அஞ்சு மைல். செல்வமணி எந்திரிச்சான். வாயிலருந்த கல்லையும் ரத்தத்தையும் துப்பிட்டுப் பச்சை வண்டியில விழுந்தான். ரோட்டு வழியாத் தொரத்தினா இந்தச் சென்மத்துல புடிக்க முடியாது. ஆனா ஏலக்காட்டுக்கு ஊடால சுமை ஜீப்பு போற ஒரு குறுக்குத்தடம் உண்டு. ரெண்டு மைலுதான், செக்போஸ்ட்டுக்கு அங்கிட்டு, முதல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடி ரோட்டுல போய்ச் சேரும். கல்லும் வேருமாக் கிடக்கும், சிவப்பு வண்டி அங்கன இறங்கினா அடிவயிறு கிழிஞ்சிரும். பச்சைக்கு ஒசரச் சக்கரம். விட்டான் தடத்துல.

அது ஓட்டமில்ல, உருட்டு. ஒவ்வொரு கல்லுக்கும் விலா எலும்பு உள்ள குத்துச்சு. ஓடைத் திருப்பத்துல ஒரு பக்க மட்கார்டு பாறையில மாட்டிப் பிஞ்சு போச்சு. கிளை ஒண்ணு முன் கண்ணாடியை நொறுக்கி அவன் மூஞ்சியில இறைச்சுச்சு. "அய்யனே, சாவியை உருவிராத, உருவிராத"ன்னு அழுதுக்கிட்டே மிதிச்சான். கேக்குறது கர்ணன்கிட்டயா கடவுள்கிட்டயான்னு அவனுக்கே வெளங்கல. இந்த நாய் செத்தா மசுராப் போச்சு, அந்தப் பொம்பளை என்ன பாவம் பண்ணுச்சு?

தடம் ரோட்டைத் தொடுற இடத்துக்கு அவன் வந்தப்ப, செக்போஸ்ட்டைத் தாண்டிச் சிவப்பு வண்டி வந்துக்கிட்டிருந்துச்சு. இருநூறு அடி தூரம் இருக்கும். அந்தப் பக்கம் முதல் வளைவு, அதுக்கு அங்கிட்டு வெறும் ஆகாசம். கீழ கம்பம் பள்ளத்தாக்கு பச்சையா விரிஞ்சு கிடந்துச்சு. கர்ணன் ஒரு கையை ஸ்டியரிங்ல வச்சுக்கிட்டு இன்னொரு கையைச் சாவிக்கிட்டக் கொண்டு போறது தெரிஞ்சுச்சு. சொர்ணலதா அந்தக் கையைப் புடிச்சுத் தொங்கினா. அவன் அவ மூஞ்சியில முட்டியால குத்தினான்.

இறங்கிக் கை காட்ட நேரமில்ல, காட்டினாலும் நிறுத்துற ஆளில்ல. செல்வமணி பச்சை வண்டியை ரோட்டுக்குக் குறுக்க விட்டான். கர்ணன் பிரேக்கைப் பாய்ஞ்சு மிதிச்சான். புதுசு புதுசுதான், அந்தப் பிரேக்கு மட்டும் இல்லேன்னா ரெண்டு வண்டியும் சேந்து உருண்டிருக்கும். அப்படியும் நிக்கல. நீட்டு மூக்கு பச்சையோட இடுப்புல ஏறுச்சு. அந்தக் காலத்து வண்டி உடம்புக்குள்ள இருந்த மரச்சட்டம் மளமளன்னு முறிஞ்சு, வண்டி ரெண்டும் கோத்துக்கிட்டுச் சுத்தி ரோட்டோரச் சுவர்க்கல்லுல போய் முட்டி நின்னுச்சு.

செல்வமணி ரோட்டுல கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழ கோணிக்கிட்டு இருந்துச்சு. கர்ணனுக்கு ஸ்டியரிங்ல மோதி உதடு கிழிஞ்சு தொங்குச்சு. அதோட இறங்கி வந்தான். பச்சை வண்டி இஞ்சினைக் கையால சுத்தி ஸ்டார்ட் பண்ற இரும்பு ஹேண்டில் ரோட்டுல தெறிச்சுக் கிடந்துச்சு. அதை எடுத்தான். முதல் அடி தோள்பட்டையில. எலும்பு ஒடியிற சத்தம் செல்வமணிக்குச் செவிட்டுக் காதுலயும் கேட்ட மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது அடி முதுகுல. மூணாவதுக்கு ஓங்கினப்ப ஜீப்பு வந்து சேந்துச்சு. தங்கபாண்டி குதிச்சு வந்து பின்னாடிருந்து கர்ணன் இடுப்பைக் கட்டிப் புடிச்சான், செக்போஸ்ட்டுக் காவலர் ரெண்டு பேரு ஓடி வந்து கையைப் புடிச்சாக.

செல்வமணி நகந்தான். ஒரு கையும் ஒரு காலும்தான் வேலை செஞ்சுச்சு. சிவப்பு வண்டிக் கதவு தொறந்து கிடந்துச்சு. ஏறி, முட்டிக் கால் போட்டு, சாவியை உருவினான். "தங்கபாண்டி, திருப்புலே. ஸ்டியரிங்கைத் திருப்பு."

தங்கபாண்டி கர்ணனைக் காவலருககிட்ட விட்டுட்டு வந்து திருப்பினான். டக். ரெண்டு கையாலயும் தொங்கிப் பாத்தான். அசையல. இன்னொரு பக்கம் இழுத்தான். ம்ஹூம்.

நத்தர்ஷா வளைவை எட்டிப் பாத்துட்டு "யா அல்லாஹ்"ன்னு சுவர்க்கல்லுல உக்காந்துட்டாக. கர்ணன் கூடக் கையை உதறுறதை நிறுத்திட்டான். பூட்டிக்கிட்ட ஸ்டியரிங்கைப் பாத்தான், பள்ளத்தைப் பாத்தான். மூஞ்சி வெளிறிப் போச்சு.

"பொழைச்சீக ஆத்தா. இவன் புண்ணியத்துல பொழைச்சீக"ன்னு நத்தர்ஷா சொன்னாக.

சொர்ணலதா வண்டியிலருந்து இறங்கி, மோதினதுல பொளந்த நெத்தியில முந்தானையை அமுக்கிக்கிட்டு நின்னா. ரத்தம் கண்ணுல இறங்கிச்சு, தொடைக்கல. செல்வமணியையே பாத்துக்கிட்டிருந்தா.

"அத்தான், இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆடி மாசம். தொரை காட்டினாரு."

"அப்போ காலையில அவுக சிவப்பைத் தொட்டப்பவே தெரியும்."

செல்வமணி கையிலருந்த சாவியைப் பாத்தான்.

"பேசக் கூடாதுன்னு முறை, தாயி. அவன் மேல குத்தமில்ல"ன்னு நத்தர்ஷா குறுக்க வந்தாக.

"அந்த முறை நான் ஏறினப்பவும் இருந்துச்சே மாமா. அப்பப் பேசினாகளே." அவ குரல் உயரல. "அத்தான், நான் ஏறலேன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். உச்சிக்குப் போறதுக்குள்ள சொல்லியிருப்பேன்னு ஒரு வார்த்தை. எல்லாரும் நம்பியிருப்பாக, அவன் ரத்தமும் ஒடிஞ்ச எலும்பும் சாட்சிக்கு இருந்துச்சு. செல்வமணி அவளைப் பாத்தான். அந்தக் கண்ணுகிட்ட அவனால முடியல.

"சொல்லியிருக்க மாட்டேன்"னான். "முறை இல்லாம இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சாகட்டும்னுதான் இருந்தேன்."

காவலருக பிடி தளந்துச்சு. கர்ணன் விடுவிச்சுக்கிட்டு வந்தான். இப்ப அண்ணனைக் கொன்னுருவான்னுதான் எல்லாரும் நெனச்சாக. தங்கபாண்டி ஹேண்டிலை எட்டித் தூரப் போட்டான். ஆனா கர்ணன் சிவப்பு வண்டியோட கதவு வாசல்ல, செல்வமணிக்குப் பக்கத்துல உக்காந்தான். கிழிஞ்ச உதட்டோட சிரிக்க ஆரம்பிச்சான். ரத்தமும் எச்சிலும் தெறிக்கத் தெறிக்க, வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்.

"அடேயப்பா! இத்தனை வருசமா உன்னை ஒரு பொட்டைப்பயன்னுல்லடா நெனச்சு அடிச்சேன். நாங்கூட உன்னைச் சாகடிக்கணும்னு நெனச்சதில்லடா." ஒடிஞ்ச தோளைச் சுத்திக் கையைப் போட்டு இறுக்கினான். "இப்பத்தான்டா நீ என் அண்ணன். இப்பத்தான் நம்ம அப்பன் பெத்த பிள்ளை."

தோள்ல உசுரு போற வலி. செல்வமணி அதுக்குக் கத்தல. அந்தக் கையை எடுத்து விடணும்னு நெனச்சான், விடுறதுக்கு ஒரு கை பத்தல. தம்பி மேல வீசின பெட்ரோல், வேர்வை, ரத்தம் எல்லாம் அவன் மேலயும் வீசுச்சு. எது யாரோட ரத்தம்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆத்தா, என்னை இவன்கிட்டருந்து விலக்கி விடுன்னு கேக்குறாப்புல சொர்ணலதாவைப் பாத்தான்.

அவ ஜீப்புக்கு நடந்து போய்ட்டிருந்தா. முழங்கால் வீங்கி நொண்டிக்கிட்டே போய், முன் சீட்டுல ஏறி உக்காந்து, கதவுச் சங்கிலியை மாட்டினா.

"மாமா, என்னைச் சின்னமனூர்ல எங்கம்மா வீட்டுல இறக்கி விட்டுருங்க"ன்னா.

"கர்ணன் வேணாம்னா விட்டுரும்மா. செல்வமணி அடிபட்டுக் கிடக்கான், அவனையாச்சும் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்"னாக நத்தர்ஷா.

"அவுகளுக்கு வேற வண்டி சொல்லுங்க. ரெண்டு பேரையும் சேத்தே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அவுகள்ல ஒருத்தர் கூடயும் இனி நான் ஒரே வண்டியில உக்கார மாட்டேன்."

நத்தர்ஷா கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் பாத்துட்டு, தங்கபாண்டியை அவனுகளுக்குத் துணையா விட்டுட்டு, தானே ஜீப்பை எடுத்தாக. வளைவுல இறங்கும்போது அவ திரும்பிப் பாப்பான்னு செல்வமணி கழுத்தை நீட்டிக்கிட்டிருந்தான். ஜீப்பு மறைஞ்சுச்சு. கர்ணன் கை இன்னும் அவன் தோள் மேலதான் கிடந்துச்சு.